வண்ணத்துப்பூச்சி வாக்குச்சீட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின் முடிவு கடைசியில் ஒரே மாநிலத்தில், 537 ஓட்டில் வந்து நின்றது. அந்த மாநிலத்தின் ஒரு பகுதியில் ஆயிரக்கணக்கானோர், தாங்கள் நினைத்தவருக்குப் போடுவதாக எண்ணி வேறொருவருக்குப் போட்டுவிட்டு வந்தார்கள். “பார்த்துப் போடத் தெரியாதவர்களுக்கு எதற்கு ஓட்டு?” என்று அன்று கிளம்பிய கேலி இன்னும் ஓயவில்லை. இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள். நடுநிலை வேடம் எதுவும் போடவில்லை. என் கருத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

முதலில், நடந்தது என்ன?

நவம்பர் 7 அன்று வாக்குப்பதிவு. குடியரசுக் கட்சி சார்பில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், ஜனநாயகக் கட்சி சார்பில் அல் கோர். மற்ற மாநிலங்களை எண்ணிப் பார்த்தபோது, ஃபுளோரிடா யாருக்கோ அவருக்கே வெள்ளை மாளிகை என்ற நிலை. ஏறத்தாழ 60 லட்சம் ஓட்டு விழுந்த அந்த மாநிலத்தில் புஷ் 537 ஓட்டு அதிகம் பெற்றதாக அறிவித்தார்கள். வழக்கும் மறு எண்ணிக்கையுமாக ஐந்து வாரம் இழுத்து, டிசம்பர் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு விஷயம் முடிந்தது.

இந்தக் களேபரத்தின் நடுவில்தான் பாம் பீச் கவுண்டியின் பெயர் அடிபட்டது. கவுண்டி என்றால் கிட்டத்தட்ட நம் மாவட்டம் மாதிரி. அமெரிக்காவில் தேர்தலை நடத்துவதும் வாக்குச்சீட்டை வடிவமைப்பதும் பெரும்பாலும் இந்தக் கவுண்டி அளவில்தான். நம் தேர்தல் ஆணையம் போல நாடு முழுவதற்கும் ஒரே சீட்டு என்பது அங்கே கிடையாது. ஃபுளோரிடாவிலேயே பக்கத்துப் பக்கத்துக் கவுண்டிகளில் வேறு வேறு சீட்டு, வேறு வேறு இயந்திரம்.

அந்தச் சீட்டு எப்படி இருந்தது?

புத்தகம் போல விரித்த இரண்டு பக்கம். இடப்பக்கமும் வலப்பக்கமும் வேட்பாளர் பெயர்கள். இரண்டுக்கும் நடுவே மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் துளைகள். விரிந்த இறக்கை போல இருந்ததால் வண்ணத்துப்பூச்சி என்று பெயர் வந்தது.

இடப்பக்கத்தில் முதல் பெயர் புஷ், இரண்டாவது கோர். வலப்பக்கத்தில் முதல் பெயர் சீர்திருத்தக் கட்சியின் பாட் புக்கானன். இவருடைய பெட்டி, புஷ்ஷின் பெட்டிக்கும் கோரின் பெட்டிக்கும் இடைப்பட்ட உயரத்தில் அமைந்துவிட்டது. ஆகவே நடுவரிசையின் முதல் துளை புஷ்ஷுக்கு, இரண்டாவது துளை புக்கானனுக்கு, மூன்றாவது துளைதான் கோருக்கு. துளைகளுக்கு 3, 4, 5 என்று எண் உண்டு, பெயரிலிருந்து துளைக்கு அம்புக்குறியும் உண்டு.

இடப்பக்கத்தை மட்டும் படித்துக்கொண்டு வருபவர் என்ன செய்வார்? கோர் இரண்டாவது பெயர், ஆகவே இரண்டாவது துளையைக் குத்துவார். ஓட்டு புக்கானனுக்குப் போய்விடும்.

குத்துவது என்று சொல்வது உவமை இல்லை. வோட்டோமேட்டிக் என்ற கருவியில், வெறும் எண்கள் மட்டும் அச்சிட்ட ஓர் அட்டையைச் செருகுவார்கள். பெயர்கள் இருப்பது கருவியோடு பொருத்திய ஏட்டில். ஊசி போன்ற குச்சியால் துளைக்குள் அழுத்தினால் அடியில் இருக்கும் அட்டையில் ஒரு சின்னச் சதுரம் பெயர்ந்து விழும். அட்டையை வெளியே எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு வேட்பாளர் பெயரும் இருக்காது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் உண்மையிலேயே புக்கானனுக்குப் போட்டிருக்கலாமே?

சிலர் போட்டிருப்பார்கள். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். பாம் பீச்சில் புக்கானனுக்கு விழுந்தது 3,400-க்கும் மேல். அதைவிட மக்கள்தொகை கூடிய அண்டைக் கவுண்டியான பிரோவர்டில் அவர் எண்ணூறைத் தொடவில்லை. இன்னும் பெரிய மயாமி-டேடில் அறுநூறைக்கூடத் தொடவில்லை. பாம் பீச் ஜனநாயகக் கட்சி வலுவாக உள்ள இடம்; ஓய்வு பெற்ற யூதக் குடும்பங்கள் ஏராளம். கோருடன் துணை அதிபர் பதவிக்கு நின்ற ஜோ லீபர்மன், ஒரு பெரிய கட்சியின் பட்டியலில் இடம்பெற்ற முதல் யூதர். அந்த ஆண்டு பார்த்து, யூதர்களோடு நல்லுறவு இல்லாத புக்கானனை அந்தக் குடியிருப்புகள் தேடிப் போய் ஆதரித்தன என்று நம்புவது கடினம். புக்கானனே தொலைக்காட்சியில், அவற்றில் பெரும்பாலானவை தனக்கு விழுந்தவையாகத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். தனக்கு விழுந்த ஓட்டைத் தனதில்லை என்று சொன்ன அரசியல்வாதி அபூர்வம்.

இதைவிட உறுதியான சான்று தபால் ஓட்டில் இருக்கிறது. வீட்டிலிருந்தே வாக்களித்தவர்களுக்கு வண்ணத்துப்பூச்சி ஏடு தரப்படவில்லை. அரசியல் ஆய்வாளர்கள் சிலர் இரண்டையும் ஒப்பிட்டு 2001-இல் வெளியிட்டார்கள். அதே கவுண்டியில், சாவடிக்குப் போய்ப் போட்டவர்களிடம் புக்கானன் பெற்ற விகிதம், தபாலில் பெற்றதைப் போல நான்கு மடங்கு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கோருக்கு என்று நினைத்து மாற்றிக் குத்தியிருக்கிறார்கள் என்பது அவர்கள் கணிப்பு. 537 எங்கே, இரண்டாயிரம் எங்கே!

இரண்டு துளை போட்டவர்களையும் சீட்டுதான் குழப்பியதா? அது சுத்தமான கவனக்குறைவு இல்லையா?

பாம் பீச்சில் அதிபர் பதவிக்கு ஒன்றுக்கு மேல் குத்தியதால் செல்லாமல் போன ஓட்டு 19,000-க்கும் மேல். பிற்பாடு பத்திரிகையாளர்கள் இந்த அட்டைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். கோர், புக்கானன் இருவருக்கும் குத்தியவை ஐயாயிரத்துக்கு மேல் இருந்தன. புக்கானன் துளையைக் குத்திய உடனே “ஐயோ” என்று உணர்ந்து கோருக்கும் குத்தியவர்கள் இவர்களில் பலர் என்று ஊகிக்கலாம்.

சீட்டின் தலைப்பில் “குழுவுக்கு வாக்களிக்கவும்” என்ற பொருளில் ஓர் அறிவுறுத்தல் இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் அதிபருக்கு ஒரு பெயர், துணை அதிபருக்கு ஒரு பெயர். இரண்டு பெயர், பக்கத்தில் இரண்டு துளை, மேலே “குழு” என்று வேறு எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஒரு துளை என்று நினைத்தவரை நான் முட்டாள் என்று சொல்ல மாட்டேன். கோரின் துளையோடு அதற்கு அடுத்த துளையும் குத்தப்பட்ட அட்டைகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அந்த அடுத்த துளை டேவிட் மெக்ரெனால்ட்ஸ் என்ற சோசலிஸ்ட் வேட்பாளருடையது.

அம்புக்குறி இருந்தது, எண் இருந்தது. லட்சக்கணக்கானோர் சரியாகத்தானே போட்டார்கள்?

ஆமாம். அதனால்தான் இந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ள முடியாது. ஒருவரைத் தனியாக நிறுத்தி, “நீங்கள் இன்னும் நன்றாகப் பார்த்திருக்கலாம்” என்று சொன்னால் அது உண்மையே.

ஆனால் கவனக்குறைவுக்கு ஒரு குணம் உண்டு. அது கட்சி பார்க்காது. கவனக்குறைவு மட்டுமே காரணம் என்றால் எல்லா வேட்பாளரின் ஓட்டும் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் சிதறியிருக்க வேண்டும். பாம் பீச்சில் அப்படி நடக்கவில்லை. புஷ்ஷுக்குப் போட வந்தவர்களுக்கு முதல் பெயர், முதல் துளை. குழம்ப அதிகம் இடமில்லை. கோருக்குப் போட வந்தவர்களுக்குத்தான் பொறி. புஷ்ஷுக்கும் புக்கானனுக்கும் சேர்த்துக் குத்திய அட்டைகளும் உண்டு, ஆனால் கோர்–புக்கானன் அட்டைகளில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தவறுகள் ஒரே திசையில், ஒரே துளையில் போய்க் குவிந்தால், அந்தத் துளை எங்கே வைக்கப்பட்டது என்றுதான் கேட்க வேண்டும். ஒரு கட்சியின் வாக்காளர்கள் அன்று மட்டும், அந்தக் கவுண்டியில் மட்டும், சாவடியில் மட்டும் பார்வை மங்கிப் போனார்கள் என்று வாதாடுவது சிரிப்புக்கு இடம்.

கனடாவின் எட்மன்டன் நகரில் ஆய்வாளர்கள் ஒரு வணிக வளாகத்தில் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். வந்தவர்களில் சிலருக்கு ஒற்றைப் பத்திச் சீட்டு, சிலருக்கு இரட்டைப் பத்திச் சீட்டு. தவறுகள் இரட்டைப் பத்தியில்தான் வந்தன.

மாதிரிச் சீட்டை முன்கூட்டியே அனுப்பினார்களே. அதைப் பார்க்காதது வாக்காளர் குற்றம்தானே?

அனுப்பினார்கள். கட்சிக்காரர்களும் அதைப் பார்த்தார்கள். தேர்தலுக்கு முன் எவரும் ஆட்சேபிக்கவில்லை. சீட்டுகளைப் பார்ப்பதே வேலையாக உள்ளவர்கள் கண்ணில் படாத கோளாறு, நான்கு வருடத்துக்கு ஒருமுறை சாவடிக்கு வரும் எண்பது வயதுப் பாட்டியின் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

தாளில் அச்சான படத்தைச் சமையலறை மேசையில் வைத்துப் பார்ப்பது வேறு. ஏட்டுக்கு அடியில் அட்டையைச் செருகி, நின்றபடி, பின்னால் வரிசை காத்திருக்கக் குச்சியால் குத்துவது வேறு.

யார் வடிவமைத்தது? சதி ஏதும் உண்டா?

இல்லை. வடிவமைத்தவர் கவுண்டியின் தேர்தல் மேற்பார்வையாளர் தெரசா லெபோர், அப்போது அவரே ஜனநாயகக் கட்சிக்காரர். ஃபுளோரிடாவில் சிறு கட்சிகள் போட்டியிடுவதை எளிதாக்கும் திருத்தம் 1998-இல் வந்தது. அதனால் 2000-இல் அதிபர் பதவிக்குப் பத்து அணிகள். பத்தையும் ஒரே பக்கத்தில் அடுக்கினால் எழுத்து சிறுத்துவிடும், வயதானவர்களுக்குப் படிக்கக் கஷ்டம் என்று எண்ணி, எழுத்தைப் பெரிதாக்கி இரண்டு பக்கத்தில் பரப்பினார். முதியோருக்கு உதவ நினைத்துச் செய்தது முதியோரையே குழப்பியது. நல்லெண்ணம் இருந்தது; பத்துப் பேரைக் கூப்பிட்டுக் குத்திப் பார்க்கச் சொல்லும் சோதனைதான் இல்லை. 2004-இல் நடந்த அடுத்த தேர்தலில் அவர் பதவியை இழந்தார்.

பெயர்களின் வரிசை அவர் கையில் இல்லை. ஆளுநரின் கட்சிக்கே முதலிடம் என்பது மாநிலச் சட்டம். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், கிட்டத்தட்ட நம் முதல்வர் மாதிரி. அப்போதைய ஆளுநர் ஜெப் புஷ், வேட்பாளரின் தம்பி. தற்செயல்தான்; ஆனால் முதல் துளை யாருக்கு என்பதை அந்தச் சட்டமே தீர்மானித்துவிட்டது.

கையால் எண்ணினார்களே, அப்போது சரிசெய்திருக்க முடியாதா?

முடியாது. இந்த இடத்தில் பலர் இரண்டு வேறு பிரச்சினைகளை ஒன்றாக்கிவிடுகிறார்கள். அதிகாரிகள் பூதக்கண்ணாடியை வைத்து அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் படங்கள் உலகம் முழுக்கப் போயின. அது அட்டைச் சதுரம் முழுதாக விழாமல் ஒரு மூலையில் தொங்கியதாலோ, வெறும் குழியாக நின்றுவிட்டதாலோ வந்த தகராறு. இயந்திரம் அதை ஓட்டாக எண்ணாது; மனிதக் கண், வாக்காளரின் எண்ணம் இதுதான் என்று ஊகிக்கலாம்.

வண்ணத்துப்பூச்சியால் புக்கானனுக்குப் போன ஓட்டில் ஊகிக்க எதுவுமே இல்லை. துளை சுத்தமாக இருக்கிறது, ஓட்டு முழுக்கச் செல்லும். எத்தனை தடவை எண்ணினாலும் புக்கானனுக்குத்தான். ரகசிய வாக்கு என்பதால் யாருடைய அட்டை எது என்றும் தெரியாது. செல்லாத ஓட்டாவது கணக்கில் செல்லாதது என்று நிற்கும். மாறிப் போன ஓட்டு, கணக்கில் எந்தத் தடயமும் இல்லாமல் கலந்துவிடும். வாக்குச்சீட்டில் வரக்கூடிய கோளாறுகளில் மிக மோசமானது இதுதான் என்பது என் எண்ணம்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

வாக்காளர்கள் மறு வாக்குப்பதிவு கேட்டு வழக்குப் போட்டார்கள். டிசம்பர் 1 அன்று ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம், இந்தச் சீட்டு தேர்தலைச் செல்லாததாக்கும் அளவுக்குச் சட்டத்தை மீறவில்லை என்று மனுவைத் தள்ளியது. அதிபர் தேர்தலுக்கு நாடு முழுவதற்கும் ஒரே நாள் என்பதால், முடிவு தொங்கும் நேரத்தில் ஒரு கவுண்டியை மட்டும் திரும்ப வாக்களிக்க விடுவதும் எளிதில்லை. அந்த இரண்டாவது வாக்குப்பதிவில் யாரும் முதல் தடவை போட்டது போலவே போட மாட்டார்கள். இந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. தேர்தல் முடிந்த பிறகு இதற்கு மருந்தே இல்லை என்பதால்தான், முன்பே சோதிக்காத அதிகாரியின் பொறுப்பு கூடுகிறது.

பாம் பீச் மட்டும்தானா?

இல்லை, வண்ணத்துப்பூச்சிக்குப் பெயர் கிடைத்தது, அவ்வளவுதான். ஜாக்சன்வில் நகரம் உள்ள டூவல் கவுண்டியில் அதிபர் வேட்பாளர்களை அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் போட்டார்கள். முன்பே விநியோகித்த மாதிரிச் சீட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் வாக்களிக்கச் சொன்னது! அப்படியே கேட்டு நடந்தவர்களின் ஓட்டு செல்லாமல் போயிற்று. ஒன்றுக்கு மேல் குத்தியவை 20,000-க்கும் அதிகம். மாதிரிச் சீட்டைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று உபதேசிப்பவர்கள் டூவலைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக உள்ள காட்ஸ்டன் கவுண்டியில் நூற்றுக்குப் பன்னிரண்டு ஓட்டு செல்லவில்லை. அங்கே அட்டையும் இல்லை, துளையும் இல்லை. பேனாவால் குறியிட்டு இயந்திரம் படிக்கும் தாள். ஆனால் எண்ணும் இயந்திரம் தலைமையிடத்தில் இருந்தது. பக்கத்து லியோன் கவுண்டியில் அதே வகைத் தாள், இயந்திரம் மட்டும் சாவடியிலேயே. இரண்டு குறி இருந்தால் உடனே தாளைத் திருப்பித் தள்ளிவிடும், வாக்காளர் புதுத் தாள் வாங்கித் திருத்திக்கொள்வார். செல்லாத ஓட்டு அங்கே நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஃபுளோரிடாவில் கறுப்பினத்தவரின் ஓட்டு நிராகரிக்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு என்று குடிமை உரிமைகளுக்கான அமெரிக்க ஆணையம் 2001-இல் அறிக்கை தந்தது.

அதற்குப் பிறகு திருந்தினார்களா?

பாதி. 2002-இல் வந்த மத்தியச் சட்டம், துளை அட்டைகளை ஒழிக்கப் பணம் ஒதுக்கியது. ஆனால் இயந்திரம் மாறினால் வடிவம் தானாகத் திருந்திவிடாது. 2006-இல் அதே ஃபுளோரிடாவின் சாரசோட்டாவில், தொடுதிரையில் நாடாளுமன்றப் போட்டியை மேலே சிறிதாக வைத்து, ஆளுநர் போட்டியைப் பளிச்சென்ற தலைப்போடு கீழே வைத்தார்கள். ஏறத்தாழ 18,000 பேர் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்காமலே நகர்ந்துவிட்டார்கள். வெற்றி வித்தியாசம் 369. வென்றவர் பெயரும் புக்கானன், வெர்ன் புக்கானன்! இவர் வேறு ஆள்.

2018-இல் பிரோவர்டில், மூன்று மொழியில் எழுதிய நீளமான அறிவுறுத்தலுக்கு அடியில், இடது ஓரத்தில் செனட் போட்டியை ஒளித்து வைத்தது போல வைத்தார்கள். ஆளுநர் போட்டியைவிட ஏறத்தாழ 25,000 ஓட்டு அதில் குறைந்தது. மாநிலம் முழுவதற்குமான வித்தியாசம் 10,033.

நம்மூரில் இந்தக் குழப்பம் வருமா?

வேறு வடிவில் வரும். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள்; விவசாயிகள் தங்கள் எதிர்ப்பைக் காட்ட மொத்தமாக மனுத்தாக்கல் செய்ததன் விளைவு. வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாயிற்று. அதற்குப் பிறகுதான் டெபாசிட் தொகையைப் பல மடங்கு உயர்த்தினார்கள். ஈரோடு மாவட்டத்துக்கே இந்த ராசி போலும். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நிற்க, சாவடிக்கு ஐந்து வாக்குப்பதிவு இயந்திரத்தை வரிசையாக வைத்தார்கள்.

பழைய காகிதச் சீட்டில் நம்மவர்கள் யோசித்துச் செய்த ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. முத்திரையாக ஒரு வட்டத்தையோ பெருக்கல் குறியையோ வைக்காமல் சுவஸ்திக் வடிவத்தை வைத்தார்கள். சீட்டை மடிக்கும்போது ஈர மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டினாலும் அது தலைகீழ்த் திசையில் விழும். எது அசல், எது ஒட்டியது என்று எண்ணுபவர் கண்டுபிடித்துவிடுவார். மேலும், முத்திரை மங்கலாகவோ இரண்டு முறையோ விழுந்திருந்தாலும், யாருக்கு என்ற எண்ணம் தெளிவாக இருந்தால் சீட்டைத் தள்ளக் கூடாது என்பது தேர்தல் விதி.

மின்னணு இயந்திரத்தில் இரண்டு பேருக்கு ஓட்டுப் போடவே முடியாது. முதல் பொத்தானோடு முடிந்துவிடும். மாறிப் போடும் ஆபத்து மட்டும் மிச்சம் இருக்கிறது, அதைத்தான் கட்சிகளும் பயன்படுத்துகின்றன. 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள் மனுப் போட்டார்கள். இந்த வித்தையைச் சமாளிக்கத்தான் 2015 முதல் பெயரோடு புகைப்படமும் வந்தது. 2025 பீகார் தேர்தலில் அதை வண்ணப் படமாக்கினார்கள்.

அப்படியானால் வாக்காளருக்குப் பொறுப்பே இல்லையா?

உண்டு, அவர் கைக்கு எட்டும் அளவுக்கு. சின்னத்தையும் வரிசை எண்ணையும் தெரிந்துகொண்டு போவது, புரியாவிட்டால் கூச்சப்படாமல் கேட்பது, காகிதச் சீட்டில் கை தவறினால் பெட்டியில் போடுவதற்கு முன் திருப்பிக் கொடுத்து வேறு கேட்பது, இவ்வளவும் அவர் வேலை. பாம் பீச்சிலும் கெடுத்துவிட்ட அட்டைக்குப் பதில் புது அட்டை கேட்கலாம். கேட்காமல் இரண்டாவது துளை போட்டவர்களிடம் எனக்கு ஓரளவு வருத்தம் உண்டு.

ஆனால் தவறு நடந்தது என்றே தெரியாதவர் எதைத் திருப்பிக் கொடுப்பார்? பெயரே இல்லாத அட்டையை எப்படிச் சரிபார்ப்பார்? வாக்காளர் சீட்டைப் பார்ப்பது சில நிமிடம், அதுவும் தனியாக. அதிகாரியிடம் பல வாரம் இருக்கிறது, அச்சகம் இருக்கிறது, கூப்பிட்டு உட்கார வைத்துச் சோதிக்க ஊரே இருக்கிறது. யாரால் முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடிந்திருக்குமோ அவருக்குத்தான் பெரும்பங்கு.

இங்கே ஒப்புகைச் சீட்டில் வேறு சின்னம் வந்தால் என்ன செய்வது?

கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி தெரியும் அந்தச் சீட்டு, நம் வாக்காளருக்குக் கிடைத்த நல்ல வசதி. தப்பாக இருந்தால் அங்கேயே, வெளியே வருவதற்கு முன்பே, தலைமை அலுவலரிடம் சொல்ல வேண்டும். 49எம்ஏ விதிப்படி எழுத்து மூலம் உறுதி கேட்பார்கள். பிறகு முகவர்கள் முன்னிலையில் ஒரு சோதனை ஓட்டுப் போட வைப்பார்கள். சீட்டு தப்பாக வந்தால் வாக்குப்பதிவை நிறுத்த வேண்டும். சரியாக வந்தால் பொய்ப் புகார் என்று உங்கள் மேல் வழக்குப் பாயலாம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம். இந்தத் தண்டனைப் பகுதியை நீக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏழு நொடியில் கண்ணில் பட்டதை வைத்துப் புகார் சொல்பவர் தப்பாகவே பார்த்திருக்கலாம். தப்பாகப் பார்ப்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல.